துண்டு முதல் விரலி வரை: மலையகப் பதிவுகளின் இடமாற்ற வரலாறு

செய்தியொன்றைப் பதிவு செய்தல் வேறு. அப்பதிவை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குக் குறைவின்றிக் கொண்டுசெல்லுதல் வேறு. வரலாறு எழுதுவோர் பெரும்பாலும் முன்னதற்கே முதன்மை கொடுத்து வந்துள்ளனர். கல்வெட்டு எப்போது பொறிக்கப்பட்டது, ஏடு யாரால் எழுதப்பட்டது, நூல் எங்கே அச்சேறியது என்பனவே அவர்தம் வினாக்களாக அமைந்தன. ஆயின் பதிவுகள் மறைந்த வரலாற்றை நுணுகி நோக்குமிடத்து, எழுதப்படாமையால் இழக்கப்பட்டவை ஒருபுறமிருக்க, எழுதப்பட்டும் ஒரே இடத்திற் கிடந்தமையால் அழிந்தவையும், பெயர்த்தெழுதுங்கால் சிதைந்தவையும், உரியவரைச் சென்றடையாது இடைவழியில் நின்றுபோனவையும் பலவாதல் புலனாகும். மலையகத் தமிழரின் வரலாற்றில் இம்மூவகை இழப்புக்கும் சான்றுகள் உள. பையில் இட்டுச் செல்லும் விரலிச் சேமிப்பகத்தின் காலமாகிய இன்றும் அவை வேறு வடிவில் தொடர்கின்றன.

பதுளை மாவட்டம், ஹல்துமுல்ல பிரதேச செயலகப் பிரிவிலே, கொஸ்லந்தைக்கு அண்மையில் உள்ளது மீரியபெத்த. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆந் திகதி காலை அங்கு மலைச்சரிவு இறங்கி லயங்களை மூடியது. அறுபதுக்கும் மேற்பட்ட வீடுகள் மண்ணுள் மறைந்தன. அந்நாட்களில் வெளிவந்த செய்திகளை ஒருங்கே வைத்து நோக்குவோருக்கு முதலிற் புலப்படுவது எண்ணிக்கைக் குழப்பமே. காணாமற் போனோர் முந்நூறுவர் என்றும், இருநூறுக்கு உட்பட்டோர் என்றும், நூறளவினர் என்றும் ஒன்றுக்கொன்று பொருந்தாத தொகைகள் வெளியிடப்பட்டன. பின்னர் அரசுத் தரப்பின் கணக்கு நாற்பதுக்கும் குறைவாகத் தாழ்ந்தது. ஓர் ஊரில் முந்திய இரவு உறங்கச் சென்றோர் எத்தனை பேர் என்ற எளிய வினாவுக்கு உடனடியாக விடை கூற இயலாதிருந்தமைக்குக் காரணங்கள் பல. பிள்ளைகளிற் சிலர் பாடசாலை சென்றிருந்தனர். வெளியூர்களிலே தொழில் புரிவோரும் இருந்தனர். இவற்றோடு, ஊரின் எழுத்துப் பதிவுகளும் மண்ணோடு போயின என அன்றைய செய்திகள் கூறின. ஆட்களையும் ஆட்களின் பட்டியலையும் ஒரே சரிவில் வைத்திருந்தால் நிகழக்கூடியது இதுவே.

இந்நிலை ஒரு நாளில் ஏற்பட்டதன்று. தோட்டங்களில் ஆட்களைப் பற்றிய பதிவுகள் எவ்வாறு உருவாயின, யார் கையில் இருந்தன, எவ்வாறு இடம்பெயர்ந்தன என்பதைச் சிறிது பின்னோக்கிப் பார்த்தல் வேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இருபதுகளிலிருந்து கோப்பிப் பயிர்ச்செய்கைக்காகத் தென்னிந்திய மாவட்டங்களிலிருந்து தொழிலாளர் வரத் தொடங்கினர். கங்காணியே அவர்களைத் திரட்டினான். கங்காணியின் கணக்கே அவர்களின் முதற் பதிவாயிற்று. தொழிலாளி ஒரு தோட்டத்தை விட்டு மற்றொரு தோட்டத்திற்குச் செல்ல வேண்டுமாயின் ‘துண்டு’ எனப்பட்ட சீட்டு இன்றியமையாதது. அச்சீட்டில் எழுதப்பட்டது அவன் யார் என்பதன்று. அவனும் அவனைச் சார்ந்தோரும் தோட்டத்திற்குச் செலுத்த வேண்டிய கடன் எவ்வளவு என்பதே. அக்கடனைத் தீர்க்கும் துரையிடம் அவர்களை விடுவிக்கச் சம்மதம் என்பது அதன் உட்பொருள். ஆளின் இடமாற்றத்தோடு கடனின் இடமாற்றமும் ஒரே தாளில் நிகழ்ந்தது. தோட்டந்தோறும் மாறுங்கால் கடன் தொகை பெருகிச் சென்றதல்லாமல் குறைந்ததாகத் தெரியவில்லை. துண்டு முறை 1921ஆம் ஆண்டின் தொழிலாளர் கட்டளைச் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே தகரச் சீட்டு முறை நடைமுறைக்கு வந்தது. தோட்டத்தைக் குறிக்கும் அடையாளமும் ஆளைக் குறிக்கும் எண்ணும் பொறிக்கப்பெற்ற சிறு தகடு அது. அதனைக் கயிற்றிற் கோத்துக் கழுத்தில் அணிந்துகொண்டு வருவோரைத் துறைமுகத்திலும் முகாமிலும் புகையிரத நிலையத்திலும் எண்ணைப் பார்த்தே உரிய தோட்டத்திற்கு அனுப்பினர். வழிச்செலவு அத்தோட்டத்தின் கணக்கில் எழுதப்பட்டது. மழையில் நனையாது, கிழியாது, எழுத்தறியாதவனும் எளிதில் இழக்கமாட்டான் என்ற வகையில் அது திறமான சாதனமே. ஆயின் அதிலே பெயரில்லை, ஊரில்லை, தந்தை பெயரில்லை. எண் மட்டுமே இருந்தது. அவ்வெண்ணுக்குரிய ஆளை அறிய வேண்டுமாயின் வேறோரிடத்தில் உள்ள பதிவேட்டைத் திறக்க வேண்டும். தகடு திறவுகோல், பெட்டகம் பிறரிடம். இக்காலத்தில் கழுத்துப் பட்டியில் விரலியைத் தொங்கவிட்டுச் செல்லும் மாணவருக்கு இவ்வொப்புமை வியப்பளிக்கலாம். எனினும் விரலி தன்னுள்ளேயே செய்தியைச் சுமக்கின்றது. தகரச் சீட்டு சுமந்தது முகவரியை மாத்திரமே.

தோட்டத்துக்குள் வந்த பின் ஆளின் இருப்பு நாள்தோறும் செக்ரோலிற் பதியப்பட்டது. காலையிற் பிரட்டுக் களத்தில் வேலை பிரித்துக் கொடுக்கப்படும். மாலையில் வேலை முடித்தவனுக்குப் ‘பேர்’ விழும். குறைவாகச் செய்தவனுக்கு அரைப்பேர். பெயரென்னும் சொல்லே ஒரு நாட் கூலியைக் குறிக்கும் சொல்லாயிற்று என்பது மலையக வழக்கின் ஆழ்ந்த செய்திகளுள் ஒன்று. செக்ரோலின் அமைப்பும் கவனிக்கத்தக்கது. ஆட்களின் பெயர்கள் கீழ்நோக்கியும், மாதத்தின் நாட்கள் குறுக்காகவும் அமையும். ஒவ்வோர் ஆளின் மாதக் கூட்டுத்தொகையும் ஒவ்வொரு நாளின் ஆட்தொகையும் தனித்தனியே கூட்டப்படும்; இருவகைக் கூட்டுத்தொகைகளின் மொத்தமும் ஒன்றாதல் வேண்டும். ஒன்றாகாவிடின் எங்கோ பிழை உளது. எந்த வரிசையும் எந்த நிரையும் பொருந்தவில்லையோ அவை வெட்டுமிடத்திற் பிழை இருக்கும். கணினித் துறையில் இருபரிமாணச் சமநிலைச் சோதனை என விளக்கப்படுவதும் இதே கணக்குத்தான். கணக்கப்பிள்ளைமார் இதனைக் கோட்பாடாகக் கற்றவரல்லர். மாதமுடிவிற் கணக்கு ஒத்து வராவிடில் தமக்கு நேரக்கூடியதை அறிந்தவர்.

இத்தனை துல்லியமாகப் பேணப்பட்ட பதிவு தொழிலாளியின் கையில் இல்லை; தோட்டத்துக் காரியாலயத்து அலுமாரியில் இருந்தது. இதனாலாய விளைவு 1948இல் வெளிப்பட்டது. அவ்வாண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம், தந்தை இலங்கையிற் பிறந்தார் என்றோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இலங்கையிற் பிறந்தனர் என்றோ மெய்ப்பிக்க வேண்டும் என்றது. 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய பாக்கித்தானிய வதிவாளர் பிரசாவுரிமைச் சட்டம், மணமானோர் ஏழாண்டும் மணமாகாதோர் பத்தாண்டும் இடைவிடாது நாட்டில் வசித்தமைக்குச் சான்று கேட்டது. இலங்கை இந்தியக் காங்கிரசு முதலில் விண்ணப்பிக்க வேண்டாமெனக் கூறிப் பின்னரே விண்ணப்பிக்கச் சொன்னமையால், இரண்டாண்டுத் தவணையின் பெரும்பகுதி வீணாயிற்று. எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் சார்பில் விண்ணப்பங்கள் சென்றன. உரிமை கிடைத்தது ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கினர்க்கே. இதற்கு அரசியற் காரணங்களே முதன்மையானவை என்பதில் ஐயமில்லை; பதிவு நன்கிருந்தால் அனைவருக்கும் உரிமை வழங்கியிருப்பர் என வாதிடுதல் பேதைமை. எனினும் அவ்வரசியல் செயற்பட்ட வழி ஆவணத்தின் வழியே என்பது மனங்கொள்ளத்தக்கது. நாள் தவறாது பேர் விழுந்த ஒருவன், தான் அந்நாட்டில் இருந்தமையை நிறுவ, அப்பேர் எழுதப்பட்ட ஏட்டைத் தானே கொண்டுசெல்ல இயலாதவனாயிருந்தான். 1964இல் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரை எண்ணிக்கையாற் பங்கிட்டது: 5,25,000 இந்தியாவுக்கு, 3,00,000 இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் பின்னர்த் தீர்மானிக்கப்படுவதற்கு. 1974இல் அவ்வெச்சமும் சரிபாதியாக்கப்பட்டது. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தோடுதான் நாடற்றோர் என்ற நிலை சட்டத்தளவில் முடிவுக்கு வந்தது.

இதற்கிடையே பதிவேடுகளுக்கும் இடமாற்றங்கள் நிகழ்ந்தன. 1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டமும், கம்பனித் தோட்டங்களை அரசுடைமையாக்கிய 1975ஆம் ஆண்டின் திருத்தமும், 1992இல் தோட்ட நிருவாகம் மீண்டும் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டமையும் ஒவ்வொரு முறையும் காரியாலயங்களின் உரிமையை மாற்றின. சொத்து விபரம் எழுதிக் கையொப்பமிட்டு மாறும். பழைய செக்ரோல் சொத்தாகக் கருதப்படுவதில்லை. கறையானுக்கும் கொழுந்து நிறுக்கும் கொட்டில் ஒழுக்குக்கும் இரையானவை எத்தனையோ.

தமிழரிடையே ஒரு காலத்தில் இவ்விடமாற்றத்தைப் பற்றிய நுண்ணுணர்வு குறைவாக இருந்ததில்லை. பனையோலை நெடுங்காலம் நில்லாதென்பதை அறிந்தே பெயர்த்தெழுதும் வழக்கம் நிலைத்தது. ஏட்டை எடுக்கவும் கட்டவிழ்க்கவும் புரட்டவும் ஒவ்வொரு செயலிலும் அது நொறுங்கிப்போகும் அவலத்தைச் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை தம் பதிப்புரையொன்றில் மனமுருக எடுத்துரைத்தமையைப் பலரும் அறிவர். அவர் கலித்தொகையை 1887இல் அச்சேற்றினார். பெயர்த்தெழுதுவோர் இழைக்கும் பிழையைக் காட்டிக் கொடுக்கும் காவல் செய்யுளின் யாப்பிலேயே அமைந்திருந்தமை ஈண்டு நோக்கத்தக்கது. எதுகை கெட்டால் சொல் பிழைத்தது. தளை கெட்டால் சீர் விழுந்தது. அந்தாதியில் ஒரு பாட்டின் இறுதி அடுத்ததன் முதலோடு பொருந்தாவிடின் இடையிலே ஏடு போயிற்று. தொகையும் அவ்வாறே காவல் செய்தது. ஐங்குறுநூறு பத்துப் பத்தாக அமைந்தமையால் 129ஆம் 130ஆம் பாடல்கள் இல்லை என்பதைத் துணிந்து கூற முடிகின்றது. புறநானூற்றில் 267, 268 இல்லை. பதிற்றுப்பத்தில் முதற் பத்தும் பத்தாம் பத்தும் இல்லை. எது போயிற்று எனக் கூற இயலுதல் இழப்பிலும் ஒரு பேறு. மீரியபெத்தவில் இல்லாது போனது இதுவே.

யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981ஆம் ஆண்டு மே 31ஆந் திகதி இரவு எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏட்டுச் சுவடிகளும் அழிந்தன. அவற்றுட் பலவற்றுக்கு வேறு படி இருந்தது, சிலவற்றுக்கு இல்லை. ஒரே படி என்பதன் பொருளைத் தமிழர் உணர்ந்த நாள் அது. 2005இல் நூலகம் என்னும் எண்ணிம நூலகத் திட்டம் தொடங்கப்பட்டதற்கும் அவ்வுணர்வுக்கும் தொடர்பு உண்டு. மலையகத்தில் 2007இல் கம்பளைக்கு அருகே பழைய லயமொன்றிலே தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அரும்பொருட் காட்சியகமும் ஆவணகமும் அமைக்கப்பட்டன. 1869இல் வெளிவந்த ஆபிரகாம் ஜோசப்பின் கோப்பிக் கிருஷிக் கும்மி தொடங்கி, சி. வி. வேலுப்பிள்ளை திரட்டிய நாட்டார் பாடல்கள் வரை மலையக எழுத்துக்கள் மின்படிகளாகப் பரவத் தொடங்கின. பல்கலைக்கழக மாணவர் தம் ஊர்ச் சங்க மலர்களையும், தொழிற்சங்கத் துண்டுப் பிரசுரங்களையும், பாட்டிமார் பாடிய ஒப்பாரிகளையும் விரலிகளிற் சேர்த்து வருகின்றனர். ஆகவே விரலியின் குற்றங்குறைகள் வரலாற்று மாணவர் அறிந்திருக்க வேண்டிய பொருளாகிவிட்டன.

விரலி எனத் தமிழிலும் பென் டிரைவ் எனப் பேச்சிலும் வழங்கும் இச்சாதனம் 2000ஆம் ஆண்டளவிற் சந்தைக்கு வந்தது. அதனைக் கணினியோடு இணைக்கும் யு.எஸ்.பி. முறை 1996இல் வரையறுக்கப்பட்டது. உள்ளிருக்கும் பளிச்சு நினைவகத்தை 1980களில் தோஷிபா நிறுவனத்தைச் சேர்ந்த புஜியோ மசுவோக்கா உருவாக்கினார். மின்கடத்தாப் படலத்தால் சூழப்பட்ட நுண்சிறைகளில் மின்னூட்டத்தை அடைத்து வைத்தலே அதன் தத்துவம். எழுதுவதும் அழிப்பதும் அப்படலத்தைச் சிறிது சிறிதாகத் தேய்க்கும். மின்னிணைப்பின்றிப் பல்லாண்டு கிடந்தால் ஊட்டம் கசியும். ஓலையைப் போன்றே இதற்கும் ஆயுள் உண்டு. ஓலையின் ஆயுளிலும் பன்மடங்கு குறைந்தது அது.

இடமாற்றம் தவறும்போது பெரும்பாலோர் செய்வது விரலியை மீண்டும் மீண்டும் பிடுங்கிச் செருகுதல். அது நோயாளியை உலுக்கி எழுப்புவதை ஒத்தது. பிழை எவ்விடத்தில் உள்ளது என்பதை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்துத் துணிய வேண்டும். அதே விரலியை வேறொரு துளையிற் செருகிப் பார்த்தல், பின்னர் வேறொரு கணினியிற் செருகிப் பார்த்தல், அதன்பின் அதே துளையில் வேறொரு விரலியை இட்டுப் பார்த்தல் என்ற முறையிலே சென்றால், குற்றம் எதனைத் தொடர்கின்றதோ அதுவே குற்றத்தின் இருப்பிடமாகும். மலைநாட்டின் ஈரக்காற்றில் இணைப்பு முனைகளிற் படியும் களிம்பும், மேசைக் கணினியின் முன்புறத் துளைக்கு உள்ளே செல்லும் மெல்லிய கம்பியும், தரங்குறைந்த நீட்டிப்பு வடமும் பல வேளைகளிற் காரணமாகின்றன. யு.எஸ்.பி. 2.0 துளை 500 மில்லி அம்பியர் மின்னோட்டமே தருவதாக வரையறுக்கப்பட்டது, 3.0 துளை 900. சுழலும் தட்டுடைய புற வன்தட்டு தொடக்கத்தில் இதனினும் மிகுதியாக வேண்டுமாயின், சுழலத் தொடங்கி நின்றுபோகும். ‘டிக் டிக்’ என்னும் ஓசை கேட்கும். அது தட்டின் குற்றமாகவும் இருக்கலாம், மின்னின் குற்றமாகவும் இருக்கலாம். நேரடியாகப் பின்புறத் துளையில் இணைத்துப் பாராமல் வன்தட்டைக் கைவிடுதல் அவசரமாகும்.

கம்பியிலே செல்லுங்கால் ஏற்படும் பிழையைக் கண்டறிய யு.எஸ்.பி. முறையிலேயே ஏற்பாடுண்டு. ஒவ்வொரு பொதியோடும் ஒரு சரிபார்ப்பு எண் செல்லும். அது பொருந்தாவிடின் பொதி மீண்டும் அனுப்பப்படும். ஆதலால் இணைப்பு நலிந்திருந்தாலும் பெரும்பாலும் செய்தி சிதைவதில்லை. வேகம் குன்றும், அல்லது தொடர்பு அறும். சிதைவு நேர்வது பெரும்பாலும் கம்பியின் இரு முனைகளிலேயே. அவற்றுள் முதலாவது அவசரம். நகலெடுத்தல் முடிந்ததெனத் திரையில் அடையாளம் தோன்றினும், கணினி ஒரு பகுதியைத் தன் நினைவகத்தில் வைத்துக்கொண்டு பின்னர் எழுதக்கூடும். அதற்குள் விரலியைப் பிடுங்கினால் கோப்பின் பெயர் இருக்கும், அளவும் இருக்கும், உள்ளடக்கம் பாதியே இருக்கும். 2018ஆம் ஆண்டுப் பதிப்பு முதல் விண்டோஸ் இப்பின்னெழுத்தை இயல்பாகத் தவிர்க்கின்றது எனினும், பாதுகாப்பாக அகற்றும் கட்டளையை இட்டுச் செயல் முற்றுப்பெறும்வரை காத்திருத்தலே முறை. லினக்ஸ் பயன்படுத்துவோர்க்கு இது மேலும் பொருந்தும்.

இரண்டாவது, கோப்பு அமைப்பு. பழைய விரலிகள் பல பாட் 32 என்னும் அமைப்பிற் பதனிடப்பட்டவை. அதில் நான்கு ஜிகாபைட் என்ற எல்லையை எட்டும் தனிக் கோப்பு ஏறாது. வாய்மொழி வரலாற்றுக்காக ஒளிப்பதிவு செய்த மாணவரை இது அடிக்கடி வருத்துகின்றது: விரலியில் இடமிருக்கின்றது, ஆயினும் இடம் போதாது என்ற அறிவித்தல் வருகின்றது. உள்ளிருப்பனவற்றை முதலில் வேறிடத்திற் காத்து, எக்ஸ்பாட் அமைப்பில் மீளப் பதனிட்டால் இது தீரும். எந்த அமைப்பாயினும் கோப்புக்கள் எங்கெங்கு உள்ளன எனக் காட்டும் அட்டவணையொன்று விரலியில் இருக்கும். அது சிதைந்தால், பதனிடவா எனக் கணினி வினவும். ஆம் என்றல் ஆகாது. உள்ளடக்கம் பெரும்பாலும் அப்படியே இருக்கும். இல்லாது போனது பட்டியல் மாத்திரமே. இத்தருணத்தில் விரலியில் ஓரெழுத்தும் எழுதாமல், டிடிரெஸ்கியூ போன்ற நிரலால் அதன் முழுப் பிரதிமையையும் வேறொரு தட்டில் எடுத்து, அப்பிரதிமையிலேயே டெஸ்ட்டிஸ்க், போட்டோரெக் முதலியவற்றைக் கொண்டு மீட்பு முயற்சி செய்தல் வேண்டும். மூல ஏட்டில் கைவைக்காமற் படியில் வைத்து ஆராயும் பதிப்பாசிரியர் மரபே இது.

மூன்றாவது, போலி. 64 ஜிகாபைட் எனப் பொறித்து மலிவாக விற்கப்படும் விரலிகளுள் சில உண்மையில் எட்டோ பதினாறோ கொண்டவை. கணினி வினவும்போது பொய்யான கொள்ளளவைக் கூறும்படி அவற்றின் கட்டுப்படுத்தி திருத்தப்பட்டிருக்கும். உண்மைக் கொள்ளளவு நிரம்பிய பின்னும் எழுத்து ஏறுவது போலவே தோன்றும். ஆயின் புதியது பழையதன்மேல் எழுதப்படும், அல்லது எங்கும் எழுதப்படாது. கோப்புப் பெயர்கள் யாவும் வரிசையாக நிற்கும், திறந்தாற் குப்பை. முதல் நாளிலேயே முழுவதும் எழுதி முழுவதும் மீள வாசித்துச் சோதித்தாலன்றி இவ்வஞ்சகம் வெளிப்படாது. இன்னொரு வஞ்சகமும் உண்டு. கோப்புக்கள் மறைந்து குறுக்குவழிக் குறிகள் மட்டும் தோன்றுமாயின் அது நச்சுநிரலின் வேலை. கோப்புக்கள் அழியவில்லை; மறைக்கப்பட்டுள்ளன. குறியை அழுத்தாமல் மறைப்பை நீக்கி எடுக்கலாம்.

தமிழுக்கே சிறப்பாக உரிய தோல்வியொன்று உண்டு. இலங்கையில் நெடுங்காலம் பாமினி எழுத்துருவிற் தட்டச்சு செய்யப்பட்ட கட்டுரைகள், அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துக்களின் பொருளற்ற கோவையாகத் தோன்றும். கோப்பு ஓர் எழுத்தும் குறையாமல் வந்து சேர்ந்துள்ளது. ஆயினும் படிக்க இயலாது. மாற்றி நிரலால் ஒருங்குறிக்குப் பெயர்த்தால் மீண்டும் தமிழாகும். இதனை அறியாது, விரலி பழுது எனக் கருதி மலர்க்குழுவினர் எறிந்துவிட்ட கட்டுரைகள் உண்டு என நம்ப இடமுண்டு. பெட்டகம் வந்தது, திறவுகோல் வரவில்லை என்ற வகையில் இது தகரச் சீட்டின் மறுதலை.

இவற்றையெல்லாம் அறிந்த பின்னும், நகல் உண்மையான நகலா என்பதை எவ்வாறு துணிவது? கோப்பின் உள்ளடக்கம் முழுவதையும் ஒரு கணக்கீட்டின் வழியே செலுத்திச் சிறு அடையாளக் கோவையொன்றைப் பெறும் முறைகள் உள்ளன. ஷா 256 அவற்றுள் இன்று பரவலாக வழங்குவது. மூலத்துக்கும் படிக்கும் இக்கோவை ஒன்றாயின் இரண்டும் ஒன்று. ஓர் எழுத்து மாறினும் கோவை முற்றிலும் மாறும். கோவைகளின் பட்டியலை விரலியோடு வைக்காமல் வேறிடத்தில் வைத்தல் வேண்டும். ஆண்டுக்கொரு முறை ஒப்பிட்டுப் பார்த்து, பொருந்தாத படியை நீக்கிப் பொருந்துவதிலிருந்து புதுப் படி எடுத்தல் வேண்டும். யாப்பும் தொகையும் ஆற்றிய காவற்பணியை இங்கு எண்கள் ஆற்றுகின்றன.

ஆயின் இச்சோதனைகள் யாவும் படி சரியாக இருக்கின்றதா என்பதையே கூறும். உரியவரிடம் சென்று சேர்ந்ததா என்பதைக் கூறமாட்டா. மீரியபெத்தவின் துயரத்தில் இரண்டாவதே பெரிதாயிற்று. பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் மண்சரிவு அபாய வலயங்களைப் படமாக்கும் பணி 1990இல் தொடங்கியது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிஞர் மலைகளில் ஏறியிறங்கி, சரிவும் மண்ணும் நீரோட்டமும் நிலப் பயன்பாடும் நோக்கிப் படங்களை ஆக்கினர். மீரியபெத்தவின் அபாயம் 2005இலும் 2011இலும் சுட்டிக்காட்டப்பட்டது; மக்கள் வேறிடத்துக்கு அகற்றப்பட வேண்டும் எனவும் கூறப்பட்டது. செய்தி பிழையானதன்று, பதிவும் அழியவில்லை. நிறுவனத்திலிருந்து மாவட்டத்துக்கும், மாவட்டத்திலிருந்து பிரதேச செயலகத்துக்கும், தோட்ட நிருவாகத்துக்கும் கடிதங்கள் சென்றிருக்கலாம். அக்கடிதங்கள் எந்த மொழியில் இருந்தன, லயத்தில் வாழ்வோரிடம் யார் எடுத்துச் சொன்னார், சொன்ன பின் எங்கே போய்க் குடியிருப்பது என்ற அவர்தம் வினாவுக்கு விடை எது என்பனவே எஞ்சி நிற்கும் வினாக்கள். எச்சரித்தோம், அவர்கள் அகலவில்லை என்ற கூற்று அன்று எழுந்தது. காணி தமக்கில்லாத, வீடு தமக்கில்லாத, தொழில் விட்டால் லயமும் போய்விடும் மக்களிடம் இடம்பெயருங்கள் என்று மாத்திரம் கூறுதல், நிரம்பிய விரலிக்குக் கோப்பை அனுப்புதலை ஒத்தது. வாங்கி வைக்க அங்கே இடமில்லை. குற்றம் விரலியினது அன்று.

தப்பியோர் மக்கல்தெனியத் தேயிலைத் தொழிற்சாலையில் இரண்டாண்டளவு தங்கினர். 2016இல் அவ்விடத்தில் 75 வீடுகள் கட்டிக் கையளிக்கப்பட்டன. 2005க்கும் 2016க்கும் இடைப்பட்ட காலம் பதினோராண்டு. வீடு கட்டுவதற்கு வேண்டப்பட்டதோ மரணத்தின் பின்னரான இரண்டாண்டே.

பதுளைப் பகுதியிலே இன்று எஞ்சியுள்ள தோட்டப் பதிவுகளைப் பொறுத்தவரை, உடனடியாகப் படியெடுக்கப்பட வேண்டியவை பிறப்பு இறப்புப் பதிவேடுகளும் பழைய செக்ரோல்களும் பாடசாலைச் சேர்வு இடாப்புக்களுமே. ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் 2005இலிருந்து அம்மாவட்டத்திலேயே இயங்குகின்றது; பேராதனையும் தொலைவிலில்லை. ஒளிப்படக் கருவியும் இரண்டு வன்தட்டுக்களும் போதிய பொறுமையும் உடைய மாணவர் குழுவொன்று ஒரு விடுமுறையில் ஒரு தோட்டத்தின் ஏடுகளைப் படமாக்கிவிடலாம். ஒரு தட்டு தோட்டத்துக்கு வெளியே, இயன்றால் மலைக்கு வெளியே இருத்தல் வேண்டும்; மற்றொன்று பல்கலைக்கழகத்தில். அச்சிட்ட படியொன்று, எண்ணோடு பெயரும் பெயரோடு ஊரும் விளங்கத்தக்கதாய், அவ்வேட்டிற் பெயருள்ள குடும்பங்களின் வீட்டில்.